கூட்டமும் ஈ ஓட்டலும்: வருகை நேரங்களை எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் சிமுலேட் செய்வது

நான் முதன்முதலில் எழுதிய சிமுலேஷன், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்கானது. கடைக்காரருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இன்னொரு மெஷின் வாங்கலாமா, வேண்டாமா? மணிக்குச் சுமார் 12 பேர் வருகிறார்கள், ஒருவருக்கு 4 நிமிடம் பிடிக்கிறது என்றார். 12 × 4 = 48. அப்படியானால் ஒவ்வொரு மணியிலும் 12 நிமிடம் மெஷின் சும்மாதானே கிடக்கிறது? 5 நிமிடத்துக்கு ஒருவர் வருவதாக வைத்து எக்செல்லில் ஓட்டினேன். ஒருவர்கூட ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. இரண்டாவது மெஷினுக்குத் தேவையே இல்லை என்று பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் வாசல் வரைக்கும் நின்ற வரிசையைக் கையால் காட்டினார். "தம்பி, வந்தா மொத்தமா வருவாங்க. இல்லைன்னா ஈ ஓட்டணும்."

சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாக வரும் மனிதர்களின் கணக்கு முழுக்க அந்த வாக்கியத்தில் இருக்கிறது. சராசரி இடைவெளி 5 நிமிடம் என்பது உண்மை. 5 நிமிடத்துக்கு ஒருவர் என்பது பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எக்ஸ்பொனென்ஷியல் பரவல். தமிழில் அடுக்குக்குறிப் பரவல் என்றும் சொல்லலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு கொஞ்சம் நினைவிருந்தால் போதும். எக்செல் திறக்கத் தெரிந்திருந்தால் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு நோட்டு

சிமுலேஷனுக்கு முன்னால் நிஜ எண்கள் வேண்டும். கடை ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் உள்ளே நுழையும் நேரத்தை நொடியோடு குறியுங்கள். போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சின் 'லேப்' பொத்தானே போதும். வேலை முடிந்து அவர் போகும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். மூன்று நான்கு நாளாவது வேண்டும். அதுவும் ஒரே கிழமையாக இருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தை எல்லோரும் தவறவிடுகிறார்கள். வரிசையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போகிறவர்களையும் எழுத வேண்டும். அவர்களும் வந்தவர்கள்தான். விட்டுவிட்டால், கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் உங்கள் கணக்கு வருகையைக் குறைத்துக் காட்டும். எந்த நேரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனோமோ, அந்த நேரத்திலேயே கோட்டை விட்டதாகிவிடும்.

குறித்த நேரங்களிலிருந்து அடுத்தடுத்த இருவருக்கு இடையிலான இடைவெளிகளைக் கண்டுபிடியுங்கள். அவற்றின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் இவை இரண்டும் சமம். சராசரி 5 நிமிடம், திட்ட விலக்கமும் ஏறக்குறைய 5 என்றால் தைரியமாக மேலே போகலாம். திட்ட விலக்கம் 1 அல்லது 2 என்று மிகக் குறைவாக இருந்தால், ஆட்கள் ஏதோ ஒரு ஒழுங்கில் வருகிறார்கள்: டோக்கன், அப்பாயின்ட்மென்ட் போல. அங்கே இந்த முறை வேண்டாம். 8, 10 என்று மிக அதிகமாக இருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. ஒன்று, கும்பலாக வருகிறார்கள். இல்லையென்றால், காலைக் கூட்டத்தையும் மத்தியான மந்தத்தையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டீர்கள். இரண்டுக்கும் பின்னால் வழி இருக்கிறது.

இந்தக் கணக்கு கடைகளுக்காகப் பிறந்தது இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற கணிதர், 1909-இல் தொலைபேசி அழைப்புகள் பாய்சான் விதிப்படி, அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக, வருகின்றன என்று காட்டினார். அப்படி வந்தால் இடைவெளிகள் எக்ஸ்பொனென்ஷியலாக இருக்கும். எத்தனை லைன் போட்டால் போதும் என்பதே அங்கேயும் கேள்வி. 'மெஷின்' என்பதற்குப் பதில் 'லைன்', அவ்வளவுதான். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றைக்கும் எர்லாங் என்றே பெயர்.

தாயக்கட்டையிலிருந்து ஃபார்முலாவுக்கு

ஃபார்முலாவை மட்டும் கேட்டு வந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். ஆனால் இந்தப் பகுதி புரிந்தால்தான் பின்னால் தப்பு நடக்கும்போது எங்கே என்று பிடிபடும்.

மணிக்கு 12 பேர் என்றால் 3600 நொடிக்கு 12 பேர். அதாவது 300 நொடிக்கு ஒருவர். 300 முகம் உள்ள ஒரு தாயக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முகத்தில் மட்டும் 'ஆள் வந்தாச்சு' என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நொடியும் அதை உருட்டுகிறோம். பெரும்பாலும் வெறும் முகம்தான் விழும். எப்போதாவது ஆள் வருவார்.

5 நிமிடம் முழுக்க யாருமே வராமல் இருக்க என்ன வாய்ப்பு? 300 தடவை தொடர்ந்து வெறும் முகம் விழ வேண்டும். 299/300 என்பதை அதனாலேயே 300 முறை பெருக்கினால் 0.367 வரும். நொடியை இன்னும் பொடியாக நறுக்கி, முகங்களையும் அதற்கேற்பக் கூட்டிக்கொண்டே போனால், அது 0.368-இல் போய் நிற்கும். 1-ஐ 2.718 ஆல் வகுத்தால் வரும் எண் அது. 'இ' என்று கணக்குப் புத்தகத்தில் படித்தோமே, அந்த 2.718 இங்கேதான் நுழைகிறது.

பொதுவாகச் சொன்னால்:

இடைவெளி 'நே' நிமிடத்தைத் தாண்டும் நிகழ்தகவு = இ^(−நே ÷ சராசரி)

இதில் எண்களைப் போட்டுப் பாருங்கள், கடைக்காரர் சொன்னது அப்படியே வரும். சராசரி 5 நிமிடமாக இருக்கும்போது, 100 இடைவெளிகளில் 18 இடைவெளி ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதுதான் 'மொத்தமா வருவது'. 100-இல் 5 இடைவெளி கால் மணி நேரத்தைத் தாண்டும். அதுதான் ஈ ஓட்டுவது. பாதி இடைவெளிகள் 3.47 நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 63 சதவீதம் சராசரிக்குக் கீழேதான். நிறைய சின்ன இடைவெளிகளும் ஒரு சில பெரிய இடைவெளிகளும் சேர்ந்துதான் அந்த 5 வருகிறது.

இன்னொன்று. தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது. பத்து நிமிடமாக யாரும் வரவில்லை, அதனால் இப்போது கட்டாயம் வருவார் என்பதெல்லாம் இல்லை. எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும், அடுத்த ஆள் வர இன்னும் சராசரியாக 5 நிமிடம்தான். பலருக்கு இது ஏற்கவே முடியாததாக இருக்கும். இரண்டு ஆட்களுக்கு நடுவில் எட்டிப் பார்க்கிறோம், அப்படியானால் இரண்டரை நிமிடம்தானே மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நேரத்தைத் தொட்டால், நம் விரல் நீளமான இடைவெளியில் விழவே வாய்ப்பு அதிகம். அதனால் கணக்கு 5-க்கே திரும்பிவிடுகிறது.

சரி, இப்போது ஃபார்முலாவைத் தலைகீழாகத் திருப்புவோம். கணினி நமக்கு 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு சமவாய்ப்பு எண் தரும். 0.35 தந்தது என்று வையுங்கள். 'நூற்றுக்கு 35 இடைவெளிகள் மட்டும் தாண்டும் நீளம் எது?' என்று கேட்கிறோம். மேலே உள்ள சமன்பாட்டில் இடது பக்கம் 0.35 என்று போட்டு, 'நே'-வைத் தனியாகப் பிரித்தால்:

இடைவெளி = −சராசரி × இயல் மடக்கை(சமவாய்ப்பு எண்)

0.35-இன் இயல் மடக்கை −1.05. ஐந்தால் பெருக்கினால் 5.25 நிமிடம். இவ்வளவுதான் முழு வித்தையும்.

பத்துப் பேரைக் கையால் வரவழைப்போம்

கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை தாளில் செய்து பார்ப்பதை நான் வற்புறுத்துவேன். பத்து நிமிட வேலை. ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறது. நிமிடங்கள் ஒன்பதிலிருந்து எண்ணப்படுகின்றன. கடைசி நெடுவரிசையில், ஒருவருக்குச் சரியாக 4 நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக் காத்திருப்பையும் போட்டிருக்கிறேன்.

| ஆள் | சமவாய்ப்பு எண் | இடைவெளி | வந்த நேரம் | காத்திருப்பு |
|---|---|---|---|---|
| 1 | 0.62 | 2.39 | 2.39 | 0 |
| 2 | 0.08 | 12.63 | 15.02 | 0 |
| 3 | 0.91 | 0.47 | 15.49 | 3.53 |
| 4 | 0.35 | 5.25 | 20.74 | 2.28 |
| 5 | 0.77 | 1.31 | 22.05 | 4.97 |
| 6 | 0.97 | 0.15 | 22.20 | 8.82 |
| 7 | 0.49 | 3.57 | 25.77 | 9.25 |
| 8 | 0.15 | 9.49 | 35.26 | 3.76 |
| 9 | 0.84 | 0.87 | 36.13 | 6.89 |
| 10 | 0.27 | 6.55 | 42.68 | 4.34 |

முதல் ஆள் போன பிறகு எட்டரை நிமிடத்துக்கு மேல் கடை காலி. அப்புறம் ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் ஒன்பது நொடி இடைவெளியில், ஏறக்குறைய தோளோடு தோள் உரசி நுழைகிறார்கள். ஏழாவது ஆள் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நிற்கிறார். வீணாய்ப் போன அந்த எட்டரை நிமிடத்தைச் சேமித்துவைத்து ஏழாவது ஆளுக்குக் கொடுக்க முடியாது. '48 நிமிட வேலைதானே, 12 நிமிடம் மிச்சம் இருக்கே' என்ற என் கணக்கு சறுக்கிய இடம் இதுதான்.

எக்செல்லில்

முதல் வரிசை தலைப்புக்கு. ஏ நெடுவரிசையில் ஆளின் எண். பி2 கட்டத்தில் இடைவெளி:

=-5*எல்என்(1-ரேண்ட்())

ஃபங்ஷன் பெயர்களையும் கட்டங்களின் எழுத்துகளையும் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சி2-இல் வந்த நேரம், அது பி2-வேதான். பி3-இல் பி2-இன் ஃபார்முலாவே, சி3-இல் =சி2+பி3. இந்த வரிசையைக் கீழே இழுத்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள்.

ரேண்ட் என்று மட்டும் போடாமல் 1-ரேண்ட் என்று ஏன் போட்டேன்? ரேண்ட் ஃபங்ஷன் 0-ஐத் தரலாம், 1-ஐத் தராது. 0-க்கு மடக்கை கிடையாது, எக்செல் பிழை காட்டிவிடும். ஒன்றிலிருந்து கழித்துவிட்டால் 0 வரவே வராது, பரவலும் மாறாது. வாழ்நாளில் ஒரு தடவைகூட நடக்காத விபத்துதான் இது. ஆனாலும் இரவு முழுக்க ஓடும் சிமுலேஷனில் கோடிக்கணக்கில் எண் எடுக்கும்போது, இந்த இரண்டு எழுத்தைச் சேர்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதைவிட அடிக்கடி நடக்கும் தப்பு வேறு. எக்செல்லில் 'லாக்' என்று போட்டால் அது 10 அடிமான மடக்கை. 'எல்என்' தான் இயல் மடக்கை. மாற்றிப் போட்டுவிட்டால் எந்தப் பிழையும் காட்டாது. எண்களும் பார்க்க நியாயமாகவே இருக்கும். சராசரி மட்டும் 5-க்குப் பதிலாக 2.17 என்று வரும். ஒருநாள் உங்கள் சிமுலேஷனில் ஆட்கள் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வந்தால், முதலில் இதைத்தான் பாருங்கள். பைத்தான் நிரல்மொழியில் நிலைமை நேர்மாறு: அங்கே 'லாக்' என்பதே இயல் மடக்கை. இரண்டிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் நிச்சயம் ஒரு தடவை விழுவார்கள்.

ரேண்ட் இருக்கும் ஷீட்டில் எந்தக் கட்டத்தை மாற்றினாலும் எல்லா எண்ணும் புதிதாக மாறிவிடும். நல்லதாக ஒரு நாள் கிடைத்து, அதை ஆராய வேண்டும் என்றால், பி நெடுவரிசையைக் காப்பி செய்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள். வந்த நேரத்தை 9:22 என்று கடிகார நேரமாகக் காட்ட வேண்டுமா? நிமிடத்தை 1440 ஆல் வகுத்து ஒன்பது மணியோடு கூட்டுங்கள். எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. ஆனால் முழு நிமிடமாக்குவதைக் காட்டும்போது மட்டும் செய்யுங்கள். கணக்குக்குள் முழு நிமிடமாக்கினால் சிலர் ஒரே நிமிடத்தில் வந்ததாக ஆகி, வரிசை தப்பாகிவிடும்.

பைத்தானில்

இங்கே ஃபார்முலா எழுதத் தேவையில்லை, ஆயத்தமாகவே இருக்கிறது. ஆபத்தும் அங்கேயேதான். பைத்தானோடு வரும் ரேண்டம் தொகுப்பில் இருக்கும் எக்ஸ்போவேரியேட், வீதத்தைக் கேட்கும்: நிமிடத்துக்கு எத்தனை பேர். நம்பை என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கும் எக்ஸ்பொனென்ஷியல், சராசரி இடைவெளியைக் கேட்கும். நம் கடைக்கு முன்னதில் 0.2, பின்னதில் 5. ஆர் மொழியின் ஆர்எக்ஸ்ப், பைத்தானின் எக்ஸ்போவேரியேட் போலவே வீதத்தைத்தான் கேட்கிறது. மாற்றிக் கொடுத்தால் நிமிடத்துக்கு 5 பேர் வருவார்கள், கடையே இடிந்துவிடும்.

நான் வைத்திருக்கும் பழக்கம்: மாறிகளின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுவேன். 'வீதம்' என்று மட்டும் எழுத மாட்டேன், 'வீதம்_நிமிடத்துக்கு' என்று எழுதுவேன். வேலை பிடிக்கும் நேரம் நிமிடத்திலும் வருகை மணியிலும் இருக்கும் சிமுலேஷன்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

லூப்பின், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின், அமைப்பு எளிது. நேரத்தை 0 என்று வையுங்கள். ஓர் இடைவெளி எடுத்து நேரத்தோடு கூட்டுங்கள். கூட்டியது கடை மூடும் நேரத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. 'இன்றைக்கு 96 பேர்' என்று எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவுசெய்து லூப்பை அத்தனை தடவை ஓட்டாதீர்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதும் தற்செயல்தான். மணிக்குச் சராசரி 12 என்றால், பெரும்பாலான மணிகளில் 5-இலிருந்து 19 பேர் வரை வரலாம். 19 பேர் வந்த மணியில் 76 நிமிட வேலை காத்திருக்கும். எண்ணிக்கையைக் கட்டிப்போட்டுவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் செத்துவிடும்.

சீட் எண் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். சமவாய்ப்பு எண்களின் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எண் அது. அப்போதுதான் அதே நாளைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியும்.

வந்தது சரியா?

ஆயிரம் இடைவெளியாவது எடுத்துக்கொண்டு மூன்று விஷயம் பாருங்கள். சராசரியும் திட்ட விலக்கமும் ஒட்டி நிற்கின்றனவா? சராசரிக்குக் கீழே இருப்பவை 63 சதவீதம் பக்கம் வருகின்றனவா? மணிக்கு எத்தனை பேர் என்று எண்ணினால், அந்த எண்ணிக்கைகளின் சராசரியும் மாறுபாடும், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கமும், ஏறக்குறைய சமமா? மூன்றும் சரி என்றால் போதும். வரைபடமும் போட்டுப் பார்க்கலாம்: பூஜ்யத்தில் உயரமாகத் தொடங்கிச் சறுக்கு மரம் போல இறங்க வேண்டும். நடுவில் மேடு தெரிந்தால் எங்கோ வேறு பரவலை எடுத்திருக்கிறீர்கள்.

பத்து எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மேலே அட்டவணையில் இடைவெளிகளின் சராசரி 4.27 தான். அதில் தப்பு எதுவும் இல்லை.

வரிசையைக் கட்டுவது

எக்செல்லில் இன்னும் நான்கு நெடுவரிசை. டி: வேலை பிடிக்கும் நேரம். இ: வேலை தொடங்கும் நேரம், வந்த நேரம், முந்தைய ஆள் முடித்த நேரம் இரண்டில் எது பிந்தையதோ அது. அதாவது இ3-இல் =மேக்ஸ்(சி3,எஃப்2). எஃப்: முடியும் நேரம், இ3+டி3. ஜி: காத்திருப்பு, இ3−சி3. முதல் ஆளுக்கு மட்டும் இ2 என்பது சி2-வேதான்.

இப்போது விளையாடிப் பார்க்கலாம். வேலைக்குச் சரியாக 4 நிமிடம் என்று வைத்து நீண்ட நேரம் ஓட்டினால், சராசரிக் காத்திருப்பு 8 நிமிடத்தை நெருங்கும். வேலை நேரத்தையும் எக்ஸ்பொனென்ஷியலாக, சராசரி 4 என்று எடுத்தால் 16 நிமிடம். இரண்டையும் இயந்திரம் போல ஒழுங்காக வைத்தால், நான் முதலில் செய்த மாதிரி, பூஜ்யம். 0, 8, 16. மூன்றிலும் மணிக்கு அதே 12 பேர், அதே 4 நிமிடம், அதே 80 சதவீதச் சுமை (60 நிமிடத்தில் 48 நிமிட வேலை). இந்த 8-உம் 16-உம் வரிசைக் கோட்பாட்டில் ஃபார்முலாவாகவே கிடைக்கின்றன. அதனால் சிமுலேஷனைச் சோதிக்க இவைதான் நல்ல உரைகல். உங்கள் ஷீட்டில் 8 வரவில்லை என்றால், நிஜக் கடையின் எண்களைப் போடும் முன் தப்பைத் தேடுங்கள்.

மணிக்கு 12 என்பதை 14 ஆக்கிப் பாருங்கள். இரண்டே பேர்தான் கூட. 4 நிமிட நிலையான வேலையிலேயே சராசரிக் காத்திருப்பு 8-இலிருந்து 28 நிமிடத்துக்குத் தாவிவிடும்.

வேலை நேரத்துக்கு எக்ஸ்பொனென்ஷியலை எடுக்கும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. பாடப் புத்தகங்கள் அப்படி எடுப்பதற்குக் காரணம், தாளில் போடும் கணக்கு அதில் சுலபம் என்பதுதான். நம்மிடம்தான் கணினி இருக்கிறதே? ஆதார் நகல் ஒரே ஒரு பக்கம் எடுப்பவர் ஒரு நிமிடத்தில் போய்விடுவார். பத்திரக் கட்டோடு வருபவர் கால் மணி நேரம் நிற்பார். நோட்டில் குறித்த நிஜ வேலை நேரங்களையே ஒரு பட்டியலாக வைத்து, ஒவ்வொரு ஆளுக்கும் அதிலிருந்து ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுங்கள். வருகைக்கு எக்ஸ்பொனென்ஷியல், வேலைக்கு நிஜத் தரவு: இந்தச் சேர்க்கையைத்தான் நான் எப்போதும் பயன்படுத்துகிறேன்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? சுமை 80 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆயிரம் நாளாவது ஓட்டுங்கள். சில புத்தகங்கள் தொடக்கத்தில் வரும் கொஞ்ச நேரத்தை வெட்டி எறியச் சொல்லும். காலிக் கடையோடு தொடங்குவது சராசரியைக் குறைக்கும் என்பது வாதம். இரவு பகலாக ஓடும் கால் சென்டருக்கு அது சரி. ஆனால் நம் கடை நிஜமாகவே ஒன்பது மணிக்குக் காலியாகத்தான் திறக்கிறது. அதை வெட்டினால் நடக்காத ஒன்றைச் சிமுலேட் செய்ததாகிவிடும். அப்புறம், சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பத்தில் ஒருவர் எத்தனை நிமிடத்துக்கு மேல் நிற்கிறார் என்பதைச் சொல்லுங்கள்; கடைக்காரருக்குப் புரிவது அந்த எண்தான்.

பத்து மணிக் கூட்டம்

தாலுகா அலுவலகம் எதிரே இருக்கும் கடையில் நாள் முழுக்க ஒரே வீதம் எப்படி இருக்கும்? 9-இலிருந்து 5 வரை கடை. 10-இலிருந்து 12 வரை மணிக்கு 18 பேர், மற்ற நேரத்தில் 10 பேர் என்று வைப்போம். நாள் சராசரி அதே 12 தான்.

எல்லோரும் முதலில் செய்வது: இப்போது எத்தனை மணி என்று பார்த்து, அந்த நேரத்தின் வீதத்தில் அடுத்த இடைவெளியை எடுப்பது. 9:55-க்கு ஒருவர் வந்தார். அந்த நேரத்துச் சராசரி இடைவெளி 6 நிமிடம். எண் எடுத்தால் 20 நிமிடம் விழுகிறது. அடுத்த ஆள் 10:15-க்கு. ஆனால் பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கிவிட்டதே! அந்தக் கால் மணி நேரத்தில் வந்திருக்க வேண்டிய நான்கைந்து பேர் காணாமல் போய்விட்டார்கள்.

இதற்கு லூயிஸ், ஷெட்லர் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட வழி இருக்கிறது. சலித்தெடுத்தல் என்று சொல்லலாம். சல்லடையில் மாவு சலிப்பது போல. நாள் முழுக்க அதிகபட்ச வீதத்திலேயே, அதாவது மணிக்கு 18 என்றே ஆட்களை வரவழையுங்கள். வந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு சமவாய்ப்பு எண் எடுங்கள். அது 'அந்த நேரத்தின் வீதம் ÷ 18' என்பதைவிடக் குறைவாக இருந்தால் அவரை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். 11 மணிக்கு வந்தவருக்கு 18 ÷ 18 = 1, எல்லோரும் தங்குவார்கள். 3 மணிக்கு வந்தவருக்கு 10 ÷ 18 = 0.556, பாதிக்குக் கொஞ்சம் மேல் தங்குவார்கள். வீதம் படிப்படியாக இல்லாமல் வளைந்து நெளிந்து மாறினாலும் இதே வழிதான். நீக்கப்பட்டவரின் நேரத்திலிருந்துதான் அடுத்த இடைவெளி தொடங்க வேண்டும். கடைசியாகத் தங்கியவரின் நேரத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது.

இப்படி ஓட்டினால்தான் கடையின் உண்மையான முகம் தெரியும். கூட்ட நேரத்தில் மணிக்கு 72 நிமிட வேலை வருகிறது. தற்செயல் ஏற்ற இறக்கத்தை மறந்துவிட்டாலும், 12 மணிக்கு 24 நிமிட வேலை, அதாவது ஆறு பேர், தேங்கி நிற்பார்கள். அந்தத் தேக்கம் கரைய ஒரு மணி தாண்டிவிடும். காலைக் கூட்டத்தின் பாவத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருபவர் சுமக்கிறார்.

டவுன் பஸ் வந்து நின்றதும் நான்கு பேர் சேர்ந்து நுழைவது வேறு கதை. அங்கே தனி ஆளைச் சிமுலேட் செய்யாமல் கும்பலைச் சிமுலேட் செய்யுங்கள். கும்பல்களுக்கு இடையே எக்ஸ்பொனென்ஷியல் இடைவெளி. ஒவ்வொரு கும்பலிலும் எத்தனை பேர் என்பது நோட்டிலிருந்து குலுக்கல். கும்பலுக்குச் சராசரி 2 பேர் என்றால், மணிக்கு 12 பேருக்கு 6 கும்பல் என்று வீதத்தைக் குறைக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது மெஷின்

கடைசியாகக் கடைக்காரரின் கேள்வி. இரண்டு மெஷின் என்றால், ஒவ்வொரு மெஷினும் எப்போது ஓய்கிறது என்று தனித்தனியாக இரண்டு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர் எது முன்னால் ஓய்கிறதோ அதற்குப் போவார். தொடங்கும் நேரம் = மேக்ஸ்(வந்த நேரம், மின்(முதல் மெஷின் ஓயும் நேரம், இரண்டாவது ஓயும் நேரம்)). அந்த மெஷினின் ஓயும் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள்.

இரண்டையும் ஒப்பிடும்போது வருகை நேரங்களைப் புதிதாக எடுக்காதீர்கள். அதே ஆட்களை, அதே நேரத்தில், அதே வேலையோடு இரண்டு அமைப்பிலும் ஓட்டுங்கள். இல்லையென்றால் மெஷினால் வந்த வித்தியாசமா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. மேலே அட்டவணையில் இருக்கும் பத்துப் பேரையே எடுங்கள். ஒரு மெஷினில் சராசரி 4.38 நிமிடம் நின்றார்கள். இரண்டு மெஷினில் ஆறாவது ஆள் 2.54 நிமிடம், ஏழாவது ஆள் 0.28 நிமிடம், மற்ற எட்டுப் பேரும் நேராக மெஷினுக்கு. சராசரி 0.28.

அந்தத் தாளையும் ஆயிரம் நாள் ஓட்டிய கணக்கையும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த முறை அவர் வரிசையைக் காட்டவில்லை. பழைய மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்தார். பத்திலிருந்து ஒரு மணி வரை இரண்டும் ஓடுகின்றன, அதற்கப்புறம் ஒன்றை அணைத்துவிடுகிறார். மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் இன்னமும் ஈதான் ஓட்டிக்கொண்டிருப்பார்.